பிள்ளைப் பேற்றுச் சடங்குகளும் பெண் குழந்தையும்

(மதுரை ஜில்லாவில் ஒரு கிராமத்தில், இயக்கத் தோழர் ஒருவருடைய இல்லத்தில், அவருடைய மூன்றாவது பெண் குழந்தைக்குப் பெயரிடுவதற்காகக் கூட்டப்பட்ட கூட்டத்தில் செய்த பிரசங்கம்.)



பிறந்து முப்பது நாளான ஒரு குழந்தைக்குப் பெயர் வைப்பதற்காக இன்று நாம் எல்லோரும் இங்கு கூடியிருக்கின்றோம். இங்கே ஓமம் இல்லை, புகை இல்லை, புரோகிதர் இல்லை, தீட்டுக் கழிக்கத் தெளிக்கும் தண்ணீரும் இல்லை. “இது என்ன பெயரிடு விழா?” என்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்த இரண்டொருவரை நாம் வரும்போதே பார்த்தோம். அவர்களும் இப்பொழுது உள்ளே வந்து உட்கார்ந்திருப்பதில் நமக்கு மிக்க சந்தோஷம். நமது பேச்சு பெரிதும் அவர்களை உத்தேசித்துத்தான். ஏற்கனவே ஒப்புக்கொண்டுவிட்டவர்களுக்குச் சொல்ல நம்மிடம் அதிகமாக ஒன்றும் இல்லை.

இந்த வீட்டில் பத்து நாட்களாக ஒரு தகராறு நடந்து வந்ததாகக் கேள்விப்பட்டோம். அதை மூடி மறைக்க வேண்டியதில்லை என்று வீட்டுக்காரத் தோழரே நமக்கு அனுமதி கொடுத்திருப்பதால் சொல்லுகின்றோம். குழந்தையின் அப்பத்தா அவர்கள், இதற்குப் “போதும்பொண்ணு” என்று பெயர் வைத்தால்தான் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்றார்களாம். குழந்தையைப் பெற்ற அம்மையார், “என் பிள்ளையை நான் போதும் என்று சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டார்களாம். நமது தோழரோ பதினைந்து வருஷ காலமாக நம்முடைய கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகின்றவர். அவர் “அம்மா மனம் நோகக் கூடாதே” என்று பத்து நாளும் வாயைத் திறக்கவில்லையாம்! கடைசியில் அந்த அம்மையாரின் பிடிவாதம்தான் ஜெயித்திருக்கின்றது. இக்கூட்டம் கூடுவதற்குக் காரணம் நமது பிரசங்கங்கள் அல்ல, பிள்ளை பெற்ற உடம்போடு பத்து நாள் எதிர்த்து நின்ற ஒரு தாய்தான் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே பேசுவதுதான் யோக்கியமாகும்.

அப்பத்தா அவர்கள் நம்மீது கோபித்துக் கொள்ளக் கூடாது. அவர்களைக் குற்றம் சொல்ல நாம் இங்கு வரவில்லை. ஏனென்றால், அந்தப் பெயரைப் பற்றி இந்தக் கூட்டத்தில் பேச நம்மைவிடப் பாத்தியதை உள்ளவர் இல்லை.

நம்முடைய தமக்கையார் பெயர் போதும்பொண்ணு. நமது வீட்டில் அவர் மூன்றாவது பெண். அவருக்குப் பிறகு பிறந்தவர் நாம். ஆகவே “பெயர் பலித்துவிட்டது” என்பதற்கு ஊரில் காட்டப்பட்டு வந்த அத்தாட்சியே நாம்தான்! சிறு வயதில் நம்மைத் தூக்கி வைத்துக்கொண்டு, “பார், அந்தப் பெயர் வைத்ததும் சிங்கம் போல் ஒரு பையன்” என்று அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு நம் அம்மாச்சி காட்டியதும், அதைக் கேட்டு நாம் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தியதும் நன்றாக ஞாபகம் இருக்கின்றது. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அக்காவின் முகம் எப்படி இருந்தது என்பதுதான் ஞாபகம் இல்லை. நாம் அதைப் பார்க்கவே இல்லை. அக்கா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று பெயரைக் கேட்ட வாத்தியார் சிரித்தாராம். வகுப்பே சிரித்ததாம். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. நாம் பத்தாவது வரை போய்த் தோற்றோம். படித்துத் தோற்பதற்குக்கூட ஆணாகப் பிறக்க வேண்டியிருந்தது.

இப்போது அக்காவுக்கு ஐம்பது வயது ஆகப்போகின்றது. பெயரை மாற்றி அரசிதழில் போட்டுவிடலாம் என்று நாம் ஒரு சமயம் சொன்னோம். “ரேஷன் கார்டு, ஆதார், பாங்குப் புத்தகம் எல்லாம் இந்தப் பெயரில் இருக்கின்றது, இனி எதற்குத் தம்பி?” என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனால் என் பேத்தி யாராவது பெயர் கேட்டால் ‘எங்கள் ஆச்சி’ என்று மட்டும்தான் சொல்லுகிறாள்” என்றார். நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவுக்கும் நாம் ஊர் ஊராய்ப் போய்ப் பெண்ணுரிமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகின்றவர்!

சரி, இந்தப் பெயர் பலிக்கின்றதா என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நமது ஊரில் போதும்பொண்ணு என்ற பெயருள்ளவர்கள் நமக்குத் தெரிந்து ஐந்து பேர்கள். அவர்களில் மூவருக்குப் பின் ஆண் பிறந்தது. இரண்டு பேருக்குப் பின் மறுபடியும் பெண்தான் பிறந்தது. எந்தப் பெயரும் வைக்காமல் இருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். ஏனென்றால் உலகம் முழுவதும் நூறு பெண் குழந்தைகளுக்குச் சுமார் நூற்றைந்து ஆண் குழந்தைகள் பிறந்துகொண்டிருக்கின்றன. காசைச் சுண்டிப் போட்டால் பூ விழுமா தலை விழுமா என்பதுபோல்தான் இது. மூன்று தடவை பூ விழுந்துவிட்டதே என்று காசுக்கு “போதும்பூ” என்று பெயர் வைத்தால், நாலாவது தடவை காசு வெட்கப்பட்டுத் தலையைக் காட்டிவிடுமா? ஆனால் ஜனங்கள் கணக்கு வைக்கும் விதமே வேறு. ஆண் பிறந்தால் பெயர் பலித்தது என்பார்கள். பெண் பிறந்தால், பெயர் வைத்த வேளை சரியில்லை என்பார்கள். தோற்கவே முடியாத பந்தயத்தில் ஜெயித்தேன் என்று சொல்லுவதில் என்ன பொருள் இருக்கின்றது?

இதிலே இன்னொரு அநியாயம் இருக்கின்றது. பெண்ணாகப் பிறந்தால் பெற்றவளைத்தான் ஏசுகின்றார்கள். இதற்காகவே இரண்டாவது கல்யாணம் செய்துகொண்ட புருஷர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். ஆனால் விஷயம் என்ன? 1905-ம் வருஷத்தில் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற ஒரு பெண்மணி, மாவிலே விழுகின்ற ஒருவகை வண்டின் புழுவை எடுத்து வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியில் ஆராய்ந்தார். பெண் வண்டின் முட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்றும், ஆண் வண்டின் விந்தில்தான் இரண்டு வகை இருக்கின்றன என்றும், அதில் எது போய்ச் சேர்கின்றதோ அதைப் பொறுத்தே குஞ்சு ஆணோ பெண்ணோ ஆகின்றது என்றும் கண்டுபிடித்தார். மனிதர்களுக்கும் அதுவே சங்கதி. தாய் கொடுப்பது எப்போதும் ஒரே சரக்கு. வித்தியாசம் தகப்பன் பக்கத்தில் இருக்கின்றது. அதற்காக இனிமேல் தகப்பனைத் திட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அவன் இஷ்டத்திலும் இல்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஒரு புழுவைப் பார்த்துத் தெரிந்துகொண்ட உண்மை மாமியார் வீட்டு அடுப்பங்கரைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றால், பள்ளிக்கூடங்களும் காலேஜுகளும் என்னதான் சொல்லிக் கொடுக்கின்றன என்று கேட்கின்றோம்.

இந்தப் பெயர் வழக்கம் நம் நாட்டில் மட்டும் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். திருத்தணிப் பக்கத்துக் கிராமத்தில் “வேண்டாம்” என்றே பெண்களுக்குப் பெயர் வைத்து வந்திருக்கின்றார்கள். மராட்டிய தேசத்தில் “நகுசா” என்று வைப்பார்கள். அதற்கும் வேண்டாதவள் என்றுதான் பொருள். 2011-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சாதாரா ஜில்லாவில் அதிகாரிகளே இப்பேர்ப்பட்ட பெண்களைக் கணக்கெடுத்து, 285 பேரை ஒரே இடத்திற்கு வரவழைத்து, அவரவர் விரும்பிய பெயரை வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். பதினாயிரம் சடங்குகளைவிட அந்த ஒரு நாள் காரியம் மேலானது என்பது நமது அபிப்பிராயம்.

இனி, ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற இந்த ஆசைக்கு வேர் எங்கே என்று பார்த்தால், அது சாஸ்திரத்திலேயே இருக்கின்றது. பிதிர்களைப் ‘புத்’ என்ற நரகத்திலிருந்து கரையேற்றுகின்றவன் ஆனதால்தான் அவனுக்குப் புத்திரன் என்று பெயர் என்பதாக மனு தனது ஒன்பதாவது அத்தியாயத்தில் சொல்லுகின்றார். பிறந்தவுடன் செய்யும் சடங்குகளை ஆணுக்கு மந்திரத்தோடும் பெண்ணுக்கு மந்திரமில்லாமலும் செய்ய வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடுதான். (மந்திரத்தில் ஒன்றும் இல்லை என்பது நமக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அதில் எல்லாம் இருக்கின்றது என்று நம்புகின்றவர்கள் அதைப் பெண்ணுக்கு மாத்திரம் கிடையாது என்றார்களே, அதுதான் கவனிக்க வேண்டியது.) கருவுற்ற மூன்றாவது மாதத்தில் ‘பும்ஸவனம்’ என்று ஒரு சடங்கு. அதன் நோக்கமே ஆண் குழந்தை வேண்டும் என்பது. ஆலமொட்டை நசுக்கிக் கர்ப்பிணியின் வலது மூக்கில் சாறு பிழிவார்கள். கருத்தரித்த அன்றைக்கே தீர்ந்துபோன விவகாரத்துக்கு மூன்று மாதம் கழித்து மூக்கு வழியாக மனுப் போடுகின்றார்கள்!

வளைகாப்பு என்பதை நாம் அவ்வளவாகக் குறை சொல்லமாட்டோம். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை உட்காரவைத்து, அவளுக்கு வேண்டியவர்கள் எல்லாம் கூடி, ஐந்து வகைச் சாதம் செய்து போட்டு, தைரியம் சொல்லி அனுப்புவது நல்ல காரியம்தான். இப்பொழுது சர்க்காரே அங்கன்வாடி மூலமாக எல்லா ஜாதிப் பெண்களையும் ஒன்றாய் உட்காரவைத்துச் சமுதாய வளைகாப்பு நடத்துகின்றார்கள். ஆனால் வீடுகளில் நடப்பது என்ன? பெற்ற தாய் விதவையாயிருந்தால், தன் மகளுக்கு வளையல் போட முடியாமல் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கின்றது. பிள்ளை இல்லாத அக்காள் முன்னே வரக்கூடாது. பெற்று வளர்த்த கை அமங்கலம், யாரோ தெருக்கோடியில் இருக்கும் சுமங்கலியின் கை மங்கலமாம். இந்த வீட்டில் ஐந்து மாதத்திற்கு முன் நடந்த வளைகாப்பில், கணவனை இழந்த அம்மாச்சிதான் முதல் வளையலைப் போட்டார்கள் என்று கேட்டோம். குழந்தை நலமாகத்தான் பிறந்திருக்கின்றது, பாருங்கள்! நன்றாய்க் கத்தவும் செய்கின்றது.

குழந்தை பிறந்தவுடன் செய்யும் காரியங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். இதிலேதான் உயிர் போகின்ற விஷயம் இருக்கின்றது. ஊரில் பெரிய மனிதர் ஒருவரைக் கூப்பிட்டுச் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு நாக்கில் வைக்கச் சொல்லுகின்றார்கள். இதற்குச் சேனை வைப்பது என்று பெயர். சேனை வைத்தவருடைய குணம் குழந்தைக்கு வந்துவிடுமாம். சேனை வைக்க ஆண்களையே அதிகமாய்த் தேடுவதையும் கவனியுங்கள். பத்து மாதம் வயிற்றில் வைத்திருந்தவளுடைய குணம் வராது, ஒரு விரல் சர்க்கரைத் தண்ணீர் வைத்தவனுடைய குணம் வரும்! குணம் வருகின்றதோ இல்லையோ, அந்த விரலில் இருக்கும் அழுக்கு நிச்சயமாய் வரும். தேனோ இன்னும் மோசம். தேனில் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் இருக்கக்கூடும். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் அது முளைத்து விஷத்தைக் கக்கி, தசைகளை எல்லாம் தளரச் செய்து, மூச்சையே நிறுத்திவிடலாம். இதை வைத்தியர்கள் 1976 வாக்கில்தான் கண்டறிந்தார்கள். அதற்கு முன் எத்தனை குழந்தைகளின் சாவு ‘தோஷம்’ என்ற கணக்கில் எழுதப்பட்டதோ!

இந்தச் சர்க்கரைத் தண்ணீருக்கு இடம் கொடுத்துவிட்டு எதைக் கொடுக்காமல் இருக்கின்றார்கள் தெரியுமா? சீம்பாலை. மஞ்சளாய்க் கெட்டியாய் இருப்பதால் அது கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிடுகின்ற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. நோயைத் தடுக்கும் சத்து அதில் நிறைய இருக்கின்றது. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும், ஆறு மாதம் வரை அதைத் தவிர வேறொன்றும், தண்ணீர்கூட, வேண்டியதில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. மாட்டின் சீம்பாலைக் காய்ச்சி ருசித்துச் சாப்பிடத் தெரிந்த நமக்கு, மனிதச் சீம்பால் மட்டும் எப்படிக் கெட்டுப்போயிற்று? தாய்ப்பாலைக் கொட்டிவிட்டுத் தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு கூவி வருகின்றவரிடம் ஒரு சங்கு பால் வாங்கி ஊற்றுகின்றவர்கள் பட்டணத்திலும் இருக்கின்றார்கள். அதைக் குடித்தால் குரல் நன்றாய் வருமாம்! அந்தப் பாலைத் தினமும் குடிக்கின்ற கழுதைக்குட்டியின் குரலை அவர்கள் கேட்டதில்லை போலும்.

தீட்டு என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பல தடவை பேசியாயிற்று. ஒன்று மட்டும் சொல்லுகின்றோம். மதுரை ஜில்லாவிலேயே கூவலாபுரம் முதலான சில ஊர்களில் ‘முட்டுத்துறை’ என்று ஊருக்கு வெளியே ஒரு கொட்டடி இருக்கின்றது. மாதவிலக்கான பெண்களோடு, பிள்ளை பெற்றவளும் பச்சைக் குழந்தையுமாய் அங்கே ஒதுங்கி இருக்க வேண்டும். கன்னட தேசத்தில் தும்கூர் ஜில்லாவில் 2023-ம் வருஷம் இப்படி மழையில் ஊருக்கு வெளியே குடிசையில் வைக்கப்பட்ட ஒரு கைக்குழந்தை குளிரில் நோய்கண்டு செத்தே போயிற்று. சாமிக்கு ஆகாது என்பதற்காக ஒரு சிசுவைக் குளிரில் போடலாம் என்றால், அந்தச் சாமி நமக்கு ஆகுமா என்று யாராவது யோசித்தார்களா?

பெண் குழந்தைக்கு மாத்திரம்தான் ஆபத்து என்றும் இல்லை. மூட நம்பிக்கை ஆண் பெண் பார்ப்பதில்லை. கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்கின்றார்கள். நூற்றில் இருபது முப்பது பிரசவங்களில் கொடி கழுத்தில் சுற்றித்தான் இருக்கின்றது. அப்படியானால் ஊரில் மாமன்மார்கள் மிஞ்சியிருக்கவே முடியாது. சித்திரையில் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். இதைச் சிரித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தோம். 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அரியலூர் ஜில்லாவில், சித்திரையில் பிறந்துவிட்டது என்பதற்காக ஒரு மாதத்துக் குழந்தையைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் கொன்றதாக அதன் பாட்டனாரே கைது செய்யப்பட்டார் என்று பத்திரிகைகளில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அது ஆண் குழந்தை.

பெண்ணைக் கொல்லுவதற்கு நட்சத்திரம்கூட வேண்டியிருக்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்தில் கள்ளிப்பாலும் நெல்லும் எதற்கு உபயோகப்பட்டன என்பது 1986-ல் ஒரு பத்திரிகையில் வெளியான பிறகு உலகத்துக்கே தெரிந்தது. 1992-ல் தமிழ்நாட்டு சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் ஆரம்பித்தார்கள். குழந்தைக்கு உள்ள உரிமைகளைப் பற்றி உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையில், பிறந்தவுடன் பெயர் பெறும் உரிமையும், உடல்நலத்தைக் கெடுக்கும் பழக்க வழக்கங்களை ஒழிக்கும் கடமையும் சொல்லப்பட்டிருக்கின்றன. அதில் இந்தியா சேர்ந்ததும் அதே 1992-ல்தான். ஒரு பக்கம் உடன்படிக்கையில் கையெழுத்து, மறுபக்கம் கொல்லாமல் எங்களிடம் போட்டுவிட்டாவது போங்கள் என்று தொட்டில்! பிறகு ஸ்கேன் யந்திரம் வந்தது. கள்ளிப்பாலுக்கு வேலையில்லாமல் போயிற்று. கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லக் கூடாது என்று 1994-ல் சட்டம் செய்தார்கள். அப்படியும் 2001 ஜனக் கணக்கில், ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் இந்தியா முழுவதிலும் 927. சேலம் ஜில்லாவில் 851. 1961-ல் இந்தியாவுக்கு அந்தக் கணக்கு 976 ஆக இருந்தது. படிப்பு வளர்ந்தது, ஆஸ்பத்திரி வளர்ந்தது, பெண் குழந்தை குறைந்தது.

இப்பொழுது அப்பத்தா அவர்களுக்கு வருகின்றோம். நேற்று இரவு நாம் இங்கு வந்து சேர்ந்ததும் அவர்களோடு கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம். “நரகமாவது மோட்சமாவது தம்பி! எனக்கு அதெல்லாம் தெரியாது. மூன்று பெண்ணுக்கு என் மகன் எங்கே போவான்? தலைப்பிரசவம், தொட்டில், காதுகுத்து, சடங்கு, கல்யாணம், ஒவ்வொன்றுக்கும் சீர். இவளுக்கு மாமன்மார் செய்ய வேண்டியதற்கு அவர்கள் நிலத்தை விற்க வேண்டும்” என்றார்கள். இந்த வார்த்தையில் மூட நம்பிக்கை ஒன்றும் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம். அவர்கள் கணக்குச் சரியான கணக்கு. மனுவைப் படித்துவிட்டு யாரும் பெண்ணைப் போதும் என்பதில்லை. சீர்வரிசையை நினைத்துத்தான் சொல்லுகின்றார்கள். ஆகவே பெயரை மாத்திரம் மாற்றி, பேனர் கட்டி, லாரியில் வரும் மாமன் சீரை அப்படியே வைத்துக்கொண்டால், நாளைக்கு இந்தக் குழந்தைக்கு எவ்வளவு அழகான பெயர் இருந்தாலும் உள்ளுக்குள் அது போதும்பொண்ணுதான்.

எனவேதான், இந்த வீட்டார் குழந்தையின் தாய்மாமன்மாரிடம் ஒரு சேதி சொல்லியிருக்கின்றார்கள். மாமன் மடியில் உட்காரவைப்பது இருக்கட்டும், அது பிரியம். சீர் என்று ஒரு காசும் வேண்டாம். காது குத்துவதையும் இப்பொழுது செய்யப் போவதில்லை. காது குழந்தையினுடையது, விவரம் தெரிந்தபின் அதுவே வேண்டுமென்றால் குத்திக்கொள்ளட்டும். இதைக் கேட்டு இந்த மாமன்மார்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு வரவில்லை. ஒருவர் வந்து அதோ உட்கார்ந்திருக்கின்றார். தொட்டிலில் கிடக்கும்போதே “இவள் மாமனுக்குத்தான்” என்று வாக்குக் கொடுப்பதும் நம் பக்கத்தில் ஒரு வழக்கம். கண்கூடச் சரியாய்த் திறக்காத ஒரு ஜீவனின் கல்யாணத்தை இன்னொருவர் பேசி முடிப்பது அடிமைச் சாசனம் எழுதுவதல்லாமல் வேறென்ன? அதைப் பேச்சளவில்கூட இந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.

அப்பத்தா அவர்களுக்கு இன்னொரு சங்கதியும் சொன்னோம். பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுக்கத் தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுவதற்கும் 2005-லும் சட்டம் செய்தாகிவிட்டது. அந்தப் பங்கு பிறப்பினாலேயே வருகின்றது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்மானமாகச் சொல்லிவிட்டது. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாட்டில், ஆணைப்போலவே பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தபோது பைத்தியக்காரர்கள் என்றார்கள். சட்டமாக அறுபது வருஷம் ஆயிற்று. ஆகையால் முப்பது நாளைக்கு முன் இந்தக் குழந்தை வீரிட்ட அந்த நிமிஷத்திலேயே, உங்கள் மகனுடைய பிதிரார்ஜித நிலத்தில் அது ஒரு பங்காளி. செலவு என்று நினைத்தீர்கள், அது பாத்தியதைக்காரி. “அப்படியென்றால் சீரும் கொடுத்துப் பங்கும் கொடுக்க வேண்டுமா?” என்று அவர்கள் உடனே கேட்டார்கள். நல்ல கேள்வி. சீரை நிறுத்துங்கள், பங்கைக் கொடுங்கள் என்பதே நமது பதில். சீர் அவள் கையில் நிற்பதில்லை, நிலம் நிற்கும்.

எல்லாவற்றையும் ஒழித்துவிட வேண்டும் என்றுதானே சொல்லுகின்றீர்கள் என்று நம்மைச் சிலர் கேட்பார்கள். இல்லை. தாய்க்குத் தலைப்பிரசவத்தில் தன் வீட்டில் மூன்று மாதம் ஓய்வு கிடைப்பது நல்லது. அந்தச் செலவை முழுவதும் பெண்ணைப் பெற்றவர் தலையில் வைப்பதுதான் கெட்டது. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் போடுங்கள். பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் காய்கறியையும் நிறுத்தி அவளை வதைக்காதீர்கள். பழைய சேலையில் தொட்டில் கட்டுவதும் தாலாட்டுப் பாடுவதும் எந்த சாஸ்திரமும் சொல்லிக் கொடுத்து வந்தவையல்ல. படிக்கக் கூடாதென்று வைக்கப்பட்டிருந்த பெண்கள் தாங்களாகவே உண்டாக்கிக் கொண்டவை. குலவை போடுகின்றீர்களே, ஆணுக்குப் போட்டுப் பெண்ணுக்கு வாயை மூடிக் கொள்ளாமல் இருந்தால் நமக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. வசம்பைப் பெயர் சொல்லக் கூடாத மருந்து என்று சொல்லுகின்ற நம் பாட்டிமார்கள்கூட அதற்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று ஒரு நல்ல பெயரைத்தான் வைத்திருக்கின்றார்கள். வேருக்குக் கிடைத்த மரியாதை மகளுக்குக் கிடைக்கவில்லை.

நம்முடைய குற்றத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். புரோகிதரை நீக்கினோம். சரி. அந்த இடத்தில் பிரசங்கியைக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கின்றோம்! எத்தனையோ வீடுகளில் குழந்தையைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், மேடையில் நின்று நாமே ஒரு பெயரைச் சொல்லி, மாலையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கின்றோம். தாயும் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளரே என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் சொல்லியபிறகும், நம் தோழர்கள் வீட்டுக் குழந்தைகளின் பெயருக்கு முன்னால் தகப்பன் எழுத்து ஒன்றுதான் நிற்கின்றது. நம் சொந்த மக்களுக்கும் அப்படித்தான் நிற்கின்றது, நாம் மாற்றவில்லை. அந்த யோசனையே நமக்கு அப்போது தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

பிறப்பை இருபத்தொரு நாளுக்குள் பதிந்தாயிற்று என்று வீட்டுக்காரத் தோழர் சொன்னார். பெயரை ஒரு வருஷத்திற்குள் கட்டணம் இல்லாமலே சேர்த்துக் கொள்ளலாம். ஆனாலும் திங்கட்கிழமையே போய்ச் சேர்த்துவிடுங்கள். 2023-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது முதல் எல்லாவற்றிற்கும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்கின்றார்கள். எழுதும்போது தாய், தகப்பன் இருவர் பெயரின் முதலெழுத்தையும் முன்னால் போட்டு எழுதுங்கள்.

நம்மைப் பெயர் வைக்கச் சொல்லித்தான் அழைத்தார்கள். நாம் வைக்கப் போவதில்லை. என்ன பெயர் என்பதும் இதுவரை நமக்குத் தெரியாது. கேட்டோம், சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்கள். குழந்தையை அப்பத்தா அவர்கள் மடியில் கொடுங்கள். பெற்ற அம்மையார் இந்த இடத்திற்கு வந்து அந்தப் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லட்டும். நாம் உட்காருகின்றோம்.